காலனியில் முதலில் நின்ற பஸ்

1

இந்தக் கதையை ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில், அப்பா சாயங்காலம் பக்கத்து ஊரான பேரிகையில் டைப் அடித்து வாங்கி வந்த புகார் இருக்கிறது: இன்று எங்கள் பள்ளி பஸ்ஸை ஓட்டிய சென்றாயன் குடித்திருந்தார் என்று. கீழே ‘மாணவி கையொப்பம்’ என்று ஒரு கோடு.

மாணவி நான்தான். பிரியதர்ஷினி, பத்தாம் வகுப்பு. காலையில் கையெழுத்துப் போட்டு பிரின்சிபாலிடம் கொடுக்க வேண்டும்.

அவர் குடித்திருக்கவில்லை.

அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். பேனா சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘பனிக்குள் ஒரு மஞ்சள் பஸ் மிதந்து வந்’

வேண்டாம். பஸ் மிதக்காது. (மார்கழியில் எங்கள் சாலையில் மிதக்கத்தான் செய்யும். சக்கரம் தெரியாது. விளக்கு மட்டும் முன்னால் வரும்.)

நேராகவே சொல்கிறேன். பஸ் காலியாக வரும். வழியில் முதலில் காலனி. ஒன்பது பிள்ளைகள் பனியில் நிற்பார்கள். பஸ் நிற்காது. ஊருக்குள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போகும்போதுதான் அவர்களை ஏற்றும். அதற்குள் முன் சீட்டெல்லாம் நிரம்பிவிடும்.

இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. [பஸ் போகும் வழியே அப்படித்தான் என்று நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.]

3

சென்றாயன் இன்று ஒருநாள் மட்டும் பதிலுக்கு வந்த டிரைவர். கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் ஆட்களை ஏற்றுகிறவர். ஆள் நிற்பதைப் பார்த்தார், நிறுத்திவிட்டார். ஊருக்குள் பஸ் வந்தபோது முன் சீட்டுகளில் காலனிப் பிள்ளைகள்.

“யாரைக் கேட்டுய்யா அங்க நிறுத்துன?” என்றார் அப்பா.

“கம்பெனி பஸ்ல மொதல்ல நிக்கிறவங்கள மொதல்ல ஏத்துவோங்க சார். வேற எப்டி ஏத்துறது?”

ஊரில் யாரும் தங்கள் பிள்ளைகளை ஏற்றவில்லை. நான் மட்டும் அதற்குள் ஏறியிருந்தேன். (‘தைரியமாக’ என்று எழுதி அடித்துவிட்டேன். தூக்கக் கலக்கம்.) அப்பா கூப்பிடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

என் வகுப்பு சத்யப்ரியா பக்கத்தில் இடம் இருந்தது. காலனிப் பெண்.

“ஒக்காரு. சீட்டு சுடாது.”

“எங்கப்பா பாத்துட்டாருடி.”

“அப்ப நாளைக்கு பஸ்ஸக் கழுவுவாங்கோ. நல்லதுதான், சன்னலெல்லாம் ஒரே அழுக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பிறகு எப்போதோ அவள் தோளிலேயே தூங்கிவிட்டேன். கனவில் பஸ் எல்லா இடத்திலும் நின்றது. ஆளே இல்லாத இடத்திலும் கதவைத் திறந்து காத்திருந்தது. பனி ஏறி வந்து, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

ஓசூரில் எழுப்பினாள். “என்னா கனம்டி ஒன் தலை! கணக்குப் பாடம் பூரா உள்ளதான் இருக்குதா?”

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் நான்தான். இதோ, அப்பா தாளை நீட்டுகிறார்.

“ஊர்ல நீ ஒருத்திதான் அதுல போன. நீ சொன்னாதான் எடுபடும்.”

“அவரு குடிக்கலப்பா.”

“நான் கேட்டனா? போட்டா ஸ்கூலு. இல்லன்னா வூட்லயே கெட.”

கதையில் வரும் பெண் இங்கே ஏதாவது பதில் சொல்ல வேண்டும். நான் தலையாட்டினேன்.

ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறேன். சென்றாயனை இனி யாரும் பஸ் ஓட்டக் கூப்பிட மாட்டார்கள். பனிக்குள் காலி பஸ் மறுபடியும் அந்த ஒன்பது பேரைத் தாண்டிப் போகிறது. நான் முன் சீட்டில். சத்யப்ரியா ஏறும்போது என்னைப்

இன்னொன்று: போடவில்லை. ஏழு மணிக்கு வாசலில் பஸ் ஹாரன் கேட்கிறது. நான் வீட்டுக்குள் இருக்கிறேன்.

தாள் தொலைந்துபோவதாகவும் எழுதிப் பார்த்தேன். அப்பா இன்னொன்று டைப் அடித்து வந்துவிடுகிறார்.

5

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இது யார் கைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. திருப்புங்கள். அந்தக் கோட்டின் மேல் என் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தாலும், இல்லாவிட்டாலும், அவர் குடிக்கவில்லை என்பது பஸ்ஸில் போன பத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். பதினொன்றாவது ஆள் நீங்கள்.