வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத படம்

எட்வேட் பென் ட்ரைவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "நல்ல பகிடிப் படமாம். பின்னேரம் எல்லாருமா இருந்து பாப்பம்" என்றபோதே றஞ்சிதாவுக்கு ஏதோ இடித்தது. அப்பா தானாக ஒரு படம் கொண்டுவந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. கடலிலிருந்து வந்தால் குளித்து, சாப்பிட்டு, படுக்கிற மனிதர். எந்தப் படம் ஓடினாலும் பாதியில் கதிரையிலேயே குறட்டை விடுவார்.

தோட்டவெளிக் கிராமத்தில் அந்த வீட்டில் ஒருவர் முதலில் பார்த்து, சரியென்றால்தான் மற்றவர்கள் படம் பார்ப்பது. அம்மா இருந்தவரை அது அம்மாவின் வேலை. அவர் இறந்த பிறகு, மூன்று வருடமாக றஞ்சிதாவின் வேலை. தங்கை டினோஜாவுக்குப் பதின்மூன்று வயது. கண்டதையெல்லாம் அவள் முன்னால் ஓடவிட முடியாது. அதிலும் காதல் நகைச்சுவை என்றால் றஞ்சிதாவுக்குக் கூடுதல் சந்தேகம். சிரிக்கவைத்துக்கொண்டே எதையாவது உள்ளே தள்ளிவிடுவார்கள்.

மத்தியானம் அப்பா படுத்திருக்க, டினோஜா வகுப்புக்குப் போயிருக்க, கதவைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டாள். அரை மணித்தியாலமாகியும் ஓட்டிக் கடத்தவேண்டிய காட்சி ஒன்றும் வரவில்லை. முத்தமில்லை, கெட்ட வார்த்தையில்லை, குடிகூட இல்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகுதான் விளங்கியது. காதலிக்கிறவர் மனைவியை இழந்த, ஐம்பது வயதுத் தபால்காரர். அவர் மனதில் இருப்பவர் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பெண். இருவரையும் சேரவிடாமல் கடிதங்களை ஒளிப்பதும், கைபேசியைத் தண்ணீருக்குள் போடுவதும் கண்ணாடி போட்ட மூத்த மகள். படத்தின் பகிடியே அவள்தான். றஞ்சிதா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முடிவு வருமுன்பே உள்ளறையில் அப்பா எழும்பும் சத்தம் கேட்டு நிறுத்தினாள்.

தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

"இது வீட்டில பாக்கிற படமில்லை, அப்பா."

"அப்பிடி என்ன கிடக்கு அதில?"

பென் ட்ரைவை அவர் பக்கம் தள்ளினாள். "ஆர் தந்தது?"

"பெற்றிசியா. மீன்பிடிச் சங்கத்தில ஐஸ் குடுக்கிறவ." கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மாவின் செத்தவீட்டில் மூன்று நாளும் அடுப்படியில் நின்று எல்லாருக்கும் சமைத்துப்போட்டவர் பெற்றிசியா. அன்று நன்றியோடு பார்த்த முகத்தை இப்போது றஞ்சிதா மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்போதிருந்து?

"அவ ஏன் உங்களுக்குப் படம் தாறா?"

"நான்தான் கேட்டனான்." கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு வாயால சொல்ல வரேல்லை, பிள்ளை. நீ எப்பிடியும் முதல் பாப்பாய் எண்டு தெரியும்."

அவள் வாய் திறக்குமுன் டினோஜா புத்தகப் பையோடு வந்து நின்றாள்.

"என்னக்கா, கூடாத சீன் ஏதும் கிடக்கோ?"

அப்பாவும் தங்கையும் றஞ்சிதாவையே பார்த்தார்கள். ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும்.

"இல்லை."

"அப்ப போடுங்கோவன்!"

மூவருமாக இருந்து பார்த்தார்கள். மூத்த மகள் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்தபோது டினோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களை மாதிரியே!" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் திரையைப் பார்க்கவேயில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு நெருங்க றஞ்சிதா எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

"வாங்கோக்கா, முடியப்போகுது!"

"நான் பாத்திட்டன்" என்று பொய் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து சனம் கலைந்தபோது கோவில் மதிலோரம் பெற்றிசியா தனியே நிற்பதைக் கண்டாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல், தேவைக்கு மேல் வேகமாக வாசல் படலையை நோக்கி நடந்தார். பெற்றிசியாவும் அவரைப் பார்க்கவில்லை. ஒரு கையால் மதிலைப் பிடித்தபடி, ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு, மற்றக் கையால் செருப்புக்குள் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். டினோஜாவை முன்னே போகவிட்டு, றஞ்சிதா நடையைக் குறைத்து மதில் பக்கம் திரும்பினாள்.