காற்றோட்டமான அறை

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆறு பேர் விடும் மூச்சை ஆறு பேரும் மாற்றி மாற்றி இழுக்கிறோம். இங்கே வேலை செய்யும் நம்மவர்களும் ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் சேர்ந்திருக்கும் இணையக் குழுவில், "இந்த நாட்டுக்கு வரலாமா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். மேல் கட்டிலில் படுத்திருந்த டிரைவர் அண்ணன், பதிலை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டைப் செய்தார்.

"தாராளமா வாங்க. காத்தோட்டமான ரூமு, தங்கமான முதலாளி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருவதற்கு முன் அத்தனை பேர் கருத்தையும் படித்து, திட்டியவர்களை வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் என்று தள்ளிவிட்டு, நான் நம்பி வந்தது இதே வரியைத்தான்.

"அடப்பாவி அண்ணே! அது நீங்கதானா?"

"கத்தாதடா. என் மாமனாரும் அந்த குரூப்ல இருக்காரு. வேற என்ன எழுதச் சொல்ற?"

உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று போனை எடுத்தேன். "யாரும் வந்துடாதீங்க" என்று அடித்து முடிப்பதற்குள் மனைவியின் செய்தி வந்தது.

"குரூப்ல ஒருத்தர் நீங்க இருக்கிற நாட்டைப் பத்தி எவ்ளோ நல்லா எழுதியிருக்காரு! அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். இப்பத்தான் நிம்மதியா சாப்பிட உக்காந்திருக்காங்க."

அடித்ததை அழித்தேன். "அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை" என்று எழுதி அனுப்பினேன். பிறகு மூச்சு முட்டியதால், எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தேன்.