உதடு படாத மருந்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் உண்மை ஒரு கைக்குட்டை அளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

போன டிசம்பரில், கல்கத்தாவில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டாக்டர் வாசல் பெஞ்சில், என் இருமலும் நானுமாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண்மணி. கைக்குட்டையைப் பிரித்துப் பழுப்பு நிறத்தில் சின்ன ஆஸ்துமா மருந்து பம்ப் ஒன்றை எடுத்தாள். கூட இருந்த காகிதத்தை நாலு தடவை படித்தாள். மறுபடி சுற்றி வைத்தாள். உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள். பெயர்கூடத் தெரியாது. அந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் போட்டிருந்தது? அன்றைக்குப் பிடித்த குறுகுறுப்பு இன்னும் விட்டபாடில்லை.

2

"கிடர்பூரில் கப்பல் வந்து நின்ற அன்று வசுமதியின் மூச்சு..."

(வேண்டாம். கப்பலும் மூச்சுமாக ஆரம்பித்தால் நீங்கள் இப்போதே அழத் தயாராகிவிடுவீர்கள்.)

"வசுமதி டீச்சருக்கு வயது முப்பத்தாறு. பதினோரு வருஷமாக ஆஸ்துமா."

இது தேவலை. இப்படியே போகலாம்.

கல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பூகோளம் நடத்துகிறாள். மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. குளிர்காலம் வந்தால் போச்சு. சாயங்காலம் தெருவெல்லாம் நிலக்கரி அடுப்பு மூட்டுவார்கள்; புகை மேலே போகாமல் ஜன்னல் மட்டத்திலேயே நிற்கும். அவளுக்கு மூச்சு இழுக்கும், லீவு போடுவாள். இந்தத் தடவை நிர்வாகக் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது: ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி கூடுவோம், உடம்பு தேறியிருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள்.

இத்தனை நாள் அவளை நடமாட வைத்தது மாத்திரை. அதே மாத்திரைதான் முகத்தை ஊத வைத்தது. வீட்டில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்து, "இது யாரு, உங்க தங்கையா?" என்று ஒருத்தி கேட்டாளாம். டாக்டர்தான் புது மருந்தைச் சொன்னார். "மாத்திரை உடம்பு பூராவும் போகும். இது நேரே நுரையீரலுக்குப் போகும். இழுப்பு வந்தபிறகு இதை அடித்துப் பிரயோஜனமில்லை, அதற்குப் பழைய பம்ப் இருக்கிறது. இது வராமல் தடுக்க. தினமும் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. மாத்திரையை நான் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைக்கலாம்."

புருஷன் வீரராகவனுக்குத் துறைமுக ஆபீஸில் உத்தியோகம். தெரிந்த கப்பல்காரரைப் பிடித்து, லண்டனிலிருந்து இரண்டு பம்ப் வரவழைத்துவிட்டார்.

3

இனி வருவது நான் ரொம்பப் பெருமைப்பட்ட ஒரு வாக்கியம்:

"பல் தேய்த்ததும், காபிக்கு முன்னால், வசுமதி முகத்தை அண்ணாந்து, பம்ப்பை உதடு படாமல் தூக்கிப் பிடித்து வாய்க்குள் இரண்டு அமுக்கு அமுக்கினாள், பிறகு டாக்டர் சொன்னபடி வாய் கொப்பளித்தாள்."

ஒரே வாக்கியத்தில் ஆளைக் கண்முன்னால் நிறுத்திவிட்டேன் பார்த்தீர்களா? இப்படியே ஆறு வாரம். ஒரு வேளை தப்பவில்லை. மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஜனவரி நடுவில் ஒருநாள், ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் ஹூக்ளி நதியை வரைந்துகொண்டிருந்தவள் கடல் வரைக்கும் போகவில்லை. சாக்பீஸ் கீழே விழுந்தது. மூச்சு வெளியே போகவும் மாட்டேன், உள்ளே வரவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. பிள்ளைகள் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பழைய பம்ப் அவளைக் காப்பாற்றியது.

வீட்டில் வீரராகவன் பயந்துபோய்க் கேட்டார். "வசு, பேசாம மெட்ராஸுக்கு மாத்தல் கேட்டுடட்டுமா?"

"அங்க போய் நான் என்ன பண்றது? ஆத்துல உக்காந்து முறுக்கு சுத்தறதா?"

"மருந்து கேக்கலையேடி."

"அதான் எனக்கும் புரியல. விடாமத்தானே எடுத்துக்கறேன்!"

4

எனக்கும் புரியவில்லை. சிலருக்குச் சில மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதி, அவளை மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட்டுக் கதையை முடித்தேன். படிக்கச் சொல்லி என் தங்கை அலமுவிடம் கொடுத்தேன். ஹவுராவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். மூன்றாவது பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணா, உன் வசுமதி மருந்து எடுத்துக்கறாளா, காபி குடிக்கறாளா?"

"ஏன், என்ன தப்பு?"

"அண்ணாந்து அடிச்சா மருந்து நாக்குல விழும். அதையும் கொப்பளிச்சுத் துப்பிடறா. நெஞ்சுக்குள்ள என்ன போச்சு? பட்டை நாமம்! பம்ப்பை வாய்ல வெச்சு, உதட்டை மூடிண்டு, மூச்சை இழுக்கறச்சே அமுக்கணும்."

ஆறு வாரமாக அந்தப் பெண்ணை மூச்சுத் திணற வைத்தது புகையல்ல, என் வாக்கியம். எழுதும்போது உறைக்கவில்லையே என்கிறீர்களா? நானும் தம்ளரைத் தூக்கித்தான் காபி குடிக்கிறேன்.

(அலமு ஓரத்தில் எழுதியது: "மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று போடு. யாராவது படித்துவிட்டு நிறுத்தித் தொலைக்கப் போகிறார்கள்." போட்டுவிட்டேன்.)

'உதடு படாமல்' என்பதை அடிக்கப் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. தம்ளரில் வாய் வைத்தால் "எச்சில் பண்ணாதே" என்று அதட்டு விழும் வீட்டில் வளர்ந்தவள் வசுமதி. பன்னிரண்டு வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கிறாள், பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா கொடுக்கும் சந்தேஷ் இனிப்பைத் தயங்காமல் வாங்கிச் சாப்பிடுகிறாள். ஆனாலும் அந்தக் கை தானாகத் தூக்கும். அந்த வார்த்தையை அடித்தால் வேறு யாரோ வந்து நிற்பாள்.

அப்படியானால் அந்தக் காகிதம்? நாலு தடவை படித்தாளே! அதில் படம் இருந்தது. ஒருவன் பம்ப்பைக் கவ்விக்கொண்டிருந்தான். வசுமதி என்ன நினைத்தாள் தெரியுமா? "வெள்ளைக்காரா தம்ளரையே கவ்விக் குடிக்கறவா. இதையும் அப்படித்தான் போட்டிருப்பா."

5

மெட்ராஸ் மெயிலிலிருந்து இறக்கி, ஜனவரி பத்தொன்பதாம் தேதி அவளை மறுபடி டாக்டரிடம் அனுப்பினேன்.

"பொஷுமோதி தேவி, எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள்," என்றார் டாக்டர். வங்காளி வாயில் வசுமதி அப்படித்தான் வரும்.

காட்டினாள்.

டாக்டர் விழுந்து விழுந்து (சிரிக்கவில்லை. முதலில் சிரிக்க வைத்திருந்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன்.) டாக்டர் பம்ப்பை அவளிடமிருந்து வாங்கி வைத்தார். "தப்பு என்னுடையது. முதல் நாளே காட்டச் சொல்லியிருக்க வேண்டும்," என்றார். பிறகு ஒரு காலி பம்ப்பைத் தன் வாயில் வைத்துச் செய்து காட்டினார்.

வசுமதிக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. நடுவே, வெட்கக்கேடு, சிரிப்பும் வந்தது.

"சரியா எடுத்துண்டா எவ்வளவு நாள்ல தெரியும்?"

"இரண்டு மூன்று வாரம் ஆகும்."

கமிட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

6

முடிவுகளைப் பார்ப்போம். கல்கத்தாவில் ஒரு பந்த் வரவழைத்துக் கமிட்டியை பிப்ரவரிக்குத் தள்ளிவிடலாம். இந்த ஊரில் யார் நம்பமாட்டார்கள்? அல்லது பன்னிரண்டே நாளில் அவளை பாலிகஞ்ச் ஏரியைச் சுற்றி ஓட வைக்கலாம். அலமு என்னோடு பேசமாட்டாள். அல்லது...

வசுமதி எனக்காகக் காத்திருக்கவில்லை. இருபத்து மூன்றாம் தேதி, இரண்டு மாடி நின்று நின்று ஏறி, ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் போய்விட்டாள்.

எனக்குச் சங்கடம் என்னவென்றால், ஹெட்மிஸ்ட்ரஸை நான் உண்டாக்கவே இல்லை. பெயரில்லை, முகமில்லை. மேஜைக்குப் பின்னால் நாற்காலி சும்மா கிடக்கிறது. அவள் உடம்பைப் பற்றிக் கமிட்டிக்குப் போகிற கடிதத்தை எழுதப்போவது அந்த நாற்காலிதான். தயவுசெய்து நீங்கள் உட்காருங்கள்.

"மருந்து கேக்கலைன்னு இல்லை. நான்தான் தப்பா எடுத்துண்டிருந்தேன். படம் போட்டிருந்தது, பாத்தும் புரிஞ்சுக்கலை. சரியா எடுத்துக்க ஆரம்பிச்சு நாலு நாள் ஆறது. இன்னும் மூணு வாரம் பொறுத்துண்டா..."

மூச்சு வாங்குகிறது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.