சிந்தாத லோடு

விக்கிரமங்கலத்தில் வீரம்மாள் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த இடத்தில் கோழிகளுக்கு இறகு கொட்டியது. மார்புக் கட்டிக்காக ஏற்றிய மருந்து, கட்டியை மட்டும் தேடிப் போகாமல் உடம்பெல்லாம் சிந்தி, மிச்சம் தோல் வழியே வெளியே வந்துகொண்டிருந்தது. அவளுக்கு முடி போனதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை, அது தெரிந்த சங்கதி. ஆனால் மகள் மஞ்சுவை இடுப்பில் தூக்கிய அன்று குழந்தையின் புருவம் இரண்டும் அவள் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அதோடு ஆஸ்பத்திரியை நிறுத்தினாள். "புள்ளயத் தொட முடியாத உசுர வச்சிக்கிட்டு என்னா பண்றது?" என்றாள். கட்டி வளர்ந்தது.

அவள் புருஷன் பழனிவேல், அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். சண்டை போட்டுத்தான் திருச்சிக்குக் கூட்டிப்போனான். மருந்து அதேதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்து, உடம்பின் காவல் அணுக்கள் அடையாளம் காணாதபடி மேலே பூச்சுப் பூசியது என்றார் டாக்டர் சண்முகப்பிரியா.

"எறக்குற எடம் அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் பழனிவேல்.

"கட்டிக்கு ஒரு சத்து மேல பெரும்பசிங்க. அதையும் மேல தடவி அனுப்புறோம். கட்டியே இழுத்துக்கும்."

"அப்ப தார்ப்பா போட்ட லோடுன்னு சொல்லுங்க."

"நீ தார்ப்பா போட்ட லட்சணம் ரோடெல்லாம் கல்லாக் கெடக்கு," என்றாள் வீரம்மாள். "டாக்டரம்மாவாச்சும் ஒழுங்கா மூடட்டும்."

மருந்து ஏற்றி ஊர் திரும்பிய சாயங்காலமே அவள் கையில், தோலுக்கடியில், கடுகைவிடச் சிறிய முகப்பு விளக்குகள் வரிசையாகப் போயின. எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கியே போயின. ஒன்றையொன்று முந்தவில்லை. தோளில் நரம்பு பிரிகிற இடத்தில் தயங்கவும் இல்லை. மார்புக்குப் போனதும் லோடு சரிகிற சத்தம் மெல்லக் கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, டிரைவிங் சுத்தம் என்றார்கள். பழனிவேலும் ஆமாம் என்றான். வாழ்நாளில் அவன் இன்னொரு டிரைவரை மெச்சியது அன்றைக்குத்தான். வீரம்மாள் ஒரு கோழியைப் பிடித்து மடியில் விடியும்வரை வைத்திருந்தாள். ஓர் இறகுகூட விழவில்லை.

கட்டி மாதாமாதம் சுருங்கியது. ஒருமுறை மருந்து ஏற்றிவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பியபோது, மஞ்சு அம்மாவின் கைமேல் கன்னத்தை வைத்துப் படுத்தாள். கன்னத்துக்குக் கீழே விளக்குகள் போய்க்கொண்டிருந்தன.

"கண்ணு கூசுதும்மா. டிம் பண்ணச் சொல்லு."

வீரம்மாள் கையைப் பார்த்துச் சொன்னாள். வெளிச்சம் தாழ்ந்தது. மஞ்சு தூங்கிப்போனாள்.