ஒற்றை இறகு மயில்

மயிலுக்கு ஒரே ஓர் இறகுதான் விரிந்தது.

திருப்போரூர் மாசித் திருவிழாவுக்காகக் குளக்கரையில் சவுக்குக் கம்பம் நட்டுக் கட்டிய சீரியல் விளக்குப் போர்டு அது. சம்பத் சுவிட்சைப் போட்டதும் முதல் இறகின் தண்டில் பல்புகள் கீழிருந்து மேலே ஓடின. நுனியில் இருந்த கண் பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறம் மாறியது. அதோடு சரி. மற்ற இறகுகளெல்லாம் பளிச் பளிச்சென்று மின்னி, இமைப்பதற்குள் ஓடிவிட்டன.

"ஒத்த எறகுல மயிலா? கோழி கூட இதவிட ஜாஸ்தி வெச்சிகினு கீது" என்றார் தாமோதரன். செங்கல்பட்டில் விளக்குக் காண்ட்ராக்ட் எடுப்பவர், சம்பத்தின் முதலாளி. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மயில் சரியாகாவிட்டால் பழைய வேல் போர்டையே ஏற்றிவிடப் போவதாகவும், சம்பத் மறுபடி பந்தலுக்கு டியூப்லைட் மாட்டப் போகலாம் என்றும் சொல்லிவிட்டு, மோர் குடிக்கப் போனார்.

சம்பத் சொந்தமாக யோசித்துச் செய்த முதல் போர்டு அது.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மற்றவர்கள் ஒவ்வோர் இறகுக்கும் தனித்தனியாக மர உருளை வைப்பார்கள். உருளையில் செம்புத் தகடுகள் அடித்திருக்கும். மோட்டார் அதைச் சுற்றச் சுற்ற, தகடு தொடும் பல்பு எரியும். 'எல்லா இறகும் ஒரே அச்சுதானே, எதற்கு இத்தனை உருளை?' என்று கேட்டுக்கொண்டான் சம்பத். பெரிய உருளை எந்த இறகு என்று மட்டும் காட்டும். நடு உருளை அந்த இறகின் தண்டை ஓட்டும். நுனிக்கு வந்ததும் சின்ன உருளையைக் கூப்பிடும். அது கண்ணுக்கு நிறம் போடும். சின்னது முடிந்தால் நடுவுக்குத் தகவல், நடு முடிந்தால் பெரியதற்குத் தகவல், அடுத்த இறகு. மூன்றே உருளையில் முழுத் தோகை.

கருங்குழியில் போர்டைச் செய்த கொட்டகைக்குள் ஒவ்வோர் இறகாகச் சோதித்தபோது எல்லாம் விரிந்தன. இங்கே வந்ததும் என்ன கேடு? கடற்காற்றில் தகடு களிம்பு பிடித்ததோ என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஒயரைப் பிரித்துத் திரும்ப முறுக்கினான். மயில் அசையவில்லை.

கடைசியில் மைத்துனன் தேசப்பனைக் கூப்பிட்டு, கொட்டகையில் செய்ததை ஒன்று விடாமல் இங்கேயும் செய்யச் சொன்னான். இரண்டாவது இறகை மட்டும் போட்டார்கள், விரிந்தது. மூன்றாவது, அதுவும் விரிந்தது. தனித்தனியாக வருகிறது, சேர்ந்து வர மறுக்கிறது! ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? சம்பத் பல்புகளைப் பார்ப்பதை விட்டான். தேசப்பனின் கைகளைப் பார்த்தான்.

சுவிட்சுக்குப் போகும் முன் அந்தக் கை உருளைகளை லேசாகத் திருப்பியது.

"இப்ப இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? குங்குமப் பொட்ட மேல கொண்ணாந்தேன். பூஜ போட்டு வெச்ச பொட்டு, மச்சான். அத உட்டுட்டு நடுவுலேர்ந்தா ஆரம்பிப்பாங்க?"

"கொட்டகையிலயும் இப்டித்தான் பண்ணியா?"

"ஒவ்வொரு வாட்டியும். இதெல்லாம் போய் சொல்லிகினா இருப்பாங்க?"

சம்பத் அப்படியே குந்திவிட்டான். இறகை ஓட்டி முடித்த நடு உருளை தொடக்கத்துக்குத் திரும்புவதே இல்லை. முடித்த இடத்திலேயே நின்று, 'முடிந்தது, முடிந்தது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெரியதும் அதை நம்பி அடுத்த இறகு, அடுத்த இறகு என்று தாண்டி ஓடுகிறது. கொட்டகையில் அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தது தேசப்பனின் கை. அதைப் போய்த் திட்ட முடியுமா?

செம்புத் தகட்டில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, நடு உருளையின் விளிம்பைச் சுற்றி அடித்தான். பொட்டு இருந்த இடத்தில் மட்டும் இடைவெளி. இனி அந்த இடைவெளி வரும்வரை உருளை தானே மின்சாரம் வாங்கிச் சுற்றும், வந்ததும் ஓயும்.

சுவிட்ச். முதல் இறகு. இரண்டாவது இறகும் விரிந்தது. ஆனால் அதன் கண் இருட்டு.

"பேஜாரு" என்றான் தேசப்பன்.

சம்பத்துக்கோ சிரிப்பு வந்தது. மேல்மாடி நோய்தான் கீழ்மாடியிலும். சின்ன உருளையும் முடித்த இடத்திலேயே நிற்கிறது. மருந்தும் அதேதான், இன்னும் சின்னப் பட்டை.

தாமோதரன் ஆட்களோடு வேல் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கோயிலில் மணி அடித்தது. மயில் இறகு இறகாகத் தோகை விரித்தது. ஒவ்வொரு கண்ணும் நிறம் மாறியது. போர்டைத் தூக்கி வந்த ஆட்கள் அதைத் தோளில் வைத்தபடியே வாய் பிளந்து நின்றார்கள். தாமோதரன் முழுத் தோகையையும் பார்த்துவிட்டு, வேல் போர்டைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னார். செய்தவனைத் தேடினார்.

சம்பத் போர்டின் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"மயிலு முன்னாடி கீதுடா" என்றார்.

"தெரியும் மொதலாளி" என்றான் அவன், உருளைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலாவதா இன்னொண்ணு வெச்சா என்னா ஆவும்னு பாத்துகினு கீறேன்."