முதுகு திறந்த சட்டை

சுங்கத்தில் துணிக்கு வரி போடுவதென்றால் பெட்டியை எடை போட்டுச் சீட்டுக் கிழிப்பதுதான் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து அவளுடைய மேஜையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு சட்டை வந்தால் அது நெய்ததா பின்னியதா, பருத்தியா பாலியஸ்டரா, ஆணுக்கா பெண்ணுக்கா, வெளியே போடுவதா தூங்கும்போது போடுவதா என்று வரிசையாகக் கேட்டு, அதற்குரிய எண்ணைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். எண் மாறினால் வரி மாறும். சட்டையோ வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது. அவள்தான் உள்பக்கத்தைத் திருப்பி, தையலை இரண்டு விரற்கடை பிரித்து, நூல் எண்ணும் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டவைத்துக்கொண்டு அதன் வாயைப் பிடுங்க வேண்டும். பதினாறு வருடமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். அலுவலகத்தில் 'கண்ணாடியம்மா' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஊர் உலகத்துச் சட்டைக்கெல்லாம் வகை சொல்கிறவளுக்குத் தன் வீட்டில் ஒரே ஒரு சட்டையோடு நாலு மாதமாக மல்லுக்கட்டு.

அது மாமனாரின் சட்டை. நாற்பது வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்திய மனிதர். கழுத்துப் பட்டன் போடாத யாரும் அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார முடியாது; கல்யாண மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, காவல்துறை அதிகாரியாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போனது. தோளைச் சற்று அசைத்தாலும் உயிர் போகிற வலி. ஒருநாள் காலையில் அவர் மகன், அதாவது அவள் கணவன், அவசரத்தில் சட்டைக் கையை இழுத்து மாட்டப்போக, அவர் அலறிவிட்டார். அலறியதோடு போயிருந்தால் பரவாயில்லை. மருமகள் எதிரில் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அன்றிலிருந்து சட்டை என்ற பேச்சே கிடையாது. ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு தன் அறையிலேயே இருக்கிறார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொல்வார்.

இதில் சங்கடம் என்னவென்றால், மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. சேர அட்டை வேண்டும். அட்டைக்குப் போட்டோ வேண்டும். திங்கட்கிழமைக்குள் போட்டோவைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் கை இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"துண்டோட போட்டோவா? என் ஸ்டூடியோவுல அப்படி ஒருத்தனையும் நான் எடுத்ததில்ல. என்னை எடுக்கவும் விடமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார் அவர். மகன் கெஞ்சிப் பார்த்தான், கத்திப் பார்த்தான். கடைசியில் பஸ் ஓட்டப் போய்விட்டான். அதுதான் அவனுக்கு வசதி.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான், புதன்கிழமை, அந்தச் சட்டை அவள் மேஜைக்கு வந்தது.

கூட வந்த தாளில் 'ஆண்கள் சட்டை' என்று எழுதியிருந்தது. வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு. காலர் இருந்தது, பை இருந்தது, முன்னால் ஏழு பட்டன். அவள் முதல் பட்டனைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. ஏழு பட்டனும் அடித்துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. திருப்பிப் போட்டாள். காலரில் ஆரம்பித்துக் கீழ்விளிம்பு வரை முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது. இரண்டு துணி மடல்கள், தோளில் அமுக்கு பட்டன்கள், அவ்வளவுதான்.

"இதென்னடா கூத்து?" என்றாள் வாய்விட்டு.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். வேலை நேரத்தில் பாதியைக் கேன்டீனிலேயே கழிப்பதால் அவருக்குக் 'கேன்டீன்' என்றே பெயர். சட்டையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது பொணத்துக்குப் போடுறது கண்ணாடியம்மா. பெட்டியில படுக்க வச்சா முன்பக்கம்தானே தெரியும்? விறைச்ச உடம்புக்கு வேற எப்படிச் சட்டை மாட்டுறது? முன்னாடி வச்சு, ரெண்டு பக்கமும் சொருகிவிட்டா முடிஞ்சுது."

சொன்னவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் விரல் கூசியது. ஆனாலும் விடாமல் உள்ளே திருப்பி, விளிம்பில் தைத்திருந்த சீட்டைப் பார்த்தாள். பருத்தி நூறு சதவீதம். நெய்தது. அதோடு வழக்கம்போல் கீழே வைத்துவிட்டாள்.

பொருளைக் கொண்டுவந்த ஏஜென்டுக்குத் தாளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார், இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை என்று தலையைச் சொறிந்தான். மேலதிகாரிக்கு மூக்கின் மேல் கோபம்.

"முன்னாடி இடது பக்கம் மேல வந்து மூடினா ஆண்கள் கணக்கு. இது முன்னாடி மூடவே இல்ல. ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாததெல்லாம் பெண்கள் கணக்குன்னு விதி இருக்கு. அதுவும் இல்லாம, பொணத்துக்குன்னா அதை ஏன் மறைச்சு எழுதினான்? பொய்க் கணக்குன்னு எழுதித் திருப்பி அனுப்புங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எங்கிட்ட கையெழுத்துக்கு வரணும்."

வீட்டில் மாமனாருக்கும் அவளுக்கும் மாலையில் ஒரு விளையாட்டு உண்டு. டீயைக் கையில் கொடுத்ததும், "இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பார். அவள் பொருளின் பெயரைச் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்வாள். அவர் கண்டுபிடிக்க வேண்டும். படுத்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே பொழுதுபோக்கு அது. தோற்றாலும் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

அன்றைக்கு அவளுக்குப் புத்தி எங்கே போயிருந்ததோ. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"முன்னாடி பட்டன் இருக்கும், ஆனா கழட்ட முடியாது மாமா. பின்னாடி முழுசாத் திறந்திருக்கும். என்ன சொல்லுங்க?"

அவர் டம்ளரைப் பிடித்தபடி யோசித்தார்.

"தெரியலயே. நீயே சொல்லு."

"பொணத்துக்குப் போடுற சட்டையாம் மாமா."

அவர் சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை.

"அப்ப எனக்கு ஒண்ணு எடுத்து வைம்மா. அளவு சரியா இருக்கும்."

"என்ன மாமா இப்படிப் பேசுறீங்க" என்று ஏதோ சொல்லிவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். இந்த வாயைத் தைத்துப் போட்டால் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் மேல் அவளுக்கு இருந்த பாசம் அவளுக்கே அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள். பிறகு வந்ததற்கு வேலையாவது நடக்கட்டும் என்று கணவனின் சீருடைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். அதில் சாயம் போகுமா என்று சந்தேகம் வர, காலருக்குள் இருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். 'தனியாகத் துவைக்கவும்' என்று போட்டிருந்தது.

அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த முதுகு திறந்த சட்டையின் சீட்டு நீளமாக இருந்தது. நூறு சதவீதம் பருத்தி என்பதற்குக் கீழேயும் நாலைந்து வரி இருந்தது. பதினாறு வருடமாக முதல் வரியைப் படித்ததும் சீட்டை விட்டுவிடுவது அவள் பழக்கம். வரிக்கு வேண்டியது அந்த ஒரு வரிதானே?

மறுநாள் அலுவலகக் கதவைத் திறந்ததே அவள்தான். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சட்டையை எடுத்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். 'சூடான நீரில் தினமும் துவைக்கலாம். இஸ்திரி போடலாம். அமுக்கு பட்டன்கள் ஐந்நூறு சலவை தாங்கும்.'

கேன்டீன் வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஐயா, பொணத்துச் சட்டையை யார் தினமும் துவைப்பாங்க?"

அவர் சட்டையை வாங்கிச் சீட்டைப் படித்தார். உள்ளே வந்துகொண்டிருந்த மேலதிகாரியும் நின்றார்.

"வலது கையை மடியில போடுங்க. வராதுன்னு நினைச்சுக்கோங்க. சாப்பாட்டு நேரம் இல்லையே, அதனால உங்களால முடியும்" என்றாள் அவரிடம்.

அவர் முறைத்துக்கொண்டே கையைத் துவள விட்டார். அவள் எதிரில் நின்று, மடியில் கிடந்த அந்தக் கையில் சட்டைக் கையை மெதுவாக ஏற்றினாள். தூக்கவில்லை, திருப்பவில்லை. பிறகு இடது கை. பின்னால் போய் மடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தோளில் அமுக்கினாள். டக், டக். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்னால் வந்து பார்த்தால் கேன்டீன் ஒரு வங்கி மேனேஜர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மேலதிகாரி மெல்லச் சொன்னார், "எங்க அம்மாவுக்கும் கடைசி ரெண்டு வருஷம்..." பிறகு தன் அறைக்குப் போய்விட்டார். கையெழுத்து பத்து நிமிடத்தில் வந்தது. அவள் குறிப்பில் எழுதியிருந்தது இதுதான்: 'நெய்த பருத்தியாலான ஆண்கள் சட்டை. முன்பக்க அமைப்பு ஆண்களுக்கானது. கையை உயர்த்த முடியாதவர் அணிவதற்காக முதுகுப்பக்கம் திறப்பு வைக்கப்பட்டுள்ளது. உயிருடன் இருப்பவர்களுக்கானது.' கடைசி வாக்கியம் வரிக்குத் தேவையே இல்லை. ஆனால் யாரும் அதை அடித்து நீக்கவில்லை.

மேஜைக்கு வரும் மாதிரியில் ஒரு நூல்கூட வீட்டுக்குப் போகக் கூடாது. அவள் கொண்டுபோகிறவளும் இல்லை. வழியில் அமுக்கு பட்டன் அட்டை ஒன்று வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மாமனாரின் பீரோவைத் திறந்து, அவர் ஸ்டூடியோவுக்குப் போட்டுப்போகும் வெளிர் நீலச் சட்டையை எடுத்தாள். கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நேத்து விளையாட்டுல நான் தோத்துட்டேன். அது பொணத்துக்கு இல்ல. கையைத் தூக்க முடியாதவங்க வலிக்காம போட்டுக்கிற சட்டை." கத்தரிக்கோலைக் காட்டினாள். "உங்க சட்டையை நடு முதுகுல வெட்டட்டுமா?"

நல்ல சட்டையை வெட்டுவதா என்று கத்தப்போகிறார் என்று பயந்தாள். அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டூடியோவுல ஒரே ஒரு கோட்டுதான் வச்சிருந்தேன்" என்றார். "ஒல்லியா இருக்கறவன் வந்தா பின்னாடி துணி க்ளிப் போட்டு இறுக்கிருவேன். முன்னாடி பார்த்தா மாப்பிள்ளை. பின்னாடி பார்த்தா துணி காயப்போட்ட கொடி." இந்த முறை சிரிப்பு நல்ல சிரிப்பாக இருந்தது. "இது எனக்குத் தோணல பாரு. வெட்டும்மா."

பிரிப்பதுதான் அவள் தொழில், தைப்பது வராது. வெட்டிய விளிம்பில் பழைய சட்டைத் துணியை அகலமாக ஒட்டுப் போட்டுத் தைத்தாள். தையல் கோணல்மாணலாகப் போனது. பட்டன் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக உட்கார்ந்தது. "பின்னாடிதானே" என்று அவரே சமாதானம் சொன்னார்.

சனிக்கிழமை காலை மகன் மெதுவாக அப்பாவின் வலது கையில் சட்டையை ஏற்றினான். ஏற்றும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சுளிக்கவில்லை. டக், டக். முன்னால் கழுத்துப் பட்டன் ஏற்கெனவே போட்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே அதிகாரம்தான். "ஜன்னலைத் திற. அந்தத் திரையைப் பாதி இழு, வெளிச்சம் ஒரு பக்கமா விழணும். போனை என் கண் உயரத்துக்குப் பிடிடா, தரையையா எடுக்கிற?" மகன் திட்டு வாங்கிக்கொண்டே எடுத்தான். நாலு மாதத்தில் அப்பாவிடம் வாங்கிய முதல் திட்டு. பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டான். ஏழாவது படம்தான் அவருக்குப் பிடித்தது.

"சரி மாமா, கழட்டிரலாமா?" என்று அவள் பின்னால் போனாள்.

"இருக்கட்டும்." அவள் பக்கம் திரும்பிக் கேட்டார், "ஏம்மா, ஆபீஸ்ல அதை எந்த வகையில போட்ட?"

"ஆண்கள் சட்டை, மாமா."

அவர் தலையாட்டினார். பிறகு இடது கையால் அவள் தோளைப் பிடித்து எழுந்து, வாசல்வரை நடந்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்லி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஓடி வந்தார். வந்தவரிடம் அவர் தூங்குகிறார் என்று யாரும் சொல்லவில்லை.