கருணாகரனுக்காகக் கை தூக்கிய நிழல்

அவனியாபுரத்துக்கு அப்பால் உள்ள இலங்கை அகதிகள் முகாமில், மாதாமாதம் ஆள் எண்ணும் செக்கிங் நாளன்று ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுடைய நிழல்கள் வரிசையில் நிற்கும். அதிகாரி பெயர் கூப்பிட்டால் நிழல் கை தூக்கும், அவர் டிக் அடித்துக்கொள்வார். குனிந்த தலை நிமிராத மனுஷன், அவருக்கு எல்லாம் ஒன்றுதான். வராதவன் பெயரை அடித்துவிட்டால் முகாம் வீடு போய்விடும் என்பதால் நிழல்கள் ஒரு மாதம்கூட லீவு போட்டதில்லை.

அகதிகள் உரிமை பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ருமானா, டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். முகாமிலேயே பிறந்த பெயிண்டர் கருணாகரன்தான் அவளுக்கு இதைக் காட்டினான். அவள் அவனைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினாள். அவனுக்குக் கெடுதல் வரக் கூடாதென்று ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கப்படி பெயரை மாற்றி, சேகர் என்று வைத்தாள். யாரைப் பற்றி எழுதினார்களோ அவரிடமே அதை வாசித்துக்காட்டுவதும் வழக்கம். சாயங்கால வெயிலில் கருணாகரனின் காலடியில் நீண்டு கிடந்த நிழலும் கேட்டது. செக்கிங்கில் அதட்டிக் கூப்பிட்ட பெயரைவிட, அவள் மெதுவாக வாசித்த பெயர் அதற்குப் பிடித்துவிட்டது, பாவம்.

அடுத்த செக்கிங்கின்போது, பிரசவ வலியெடுத்த மனைவி தமிழ்வாணியைக் கூட்டிக்கொண்டு கருணாகரன் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தான். "கருணாகரன்!" என்றார் அதிகாரி. நிழல் யாரையோ கூப்பிடுவதுபோல் வேடிக்கை பார்த்தது. "வரலையா? பேரை அடிச்சிரவா?"

ஓரமாக நின்ற ருமானா நிழலிடம் ஓடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு வீடு இருக்காதே! "ஒன்னத்தான் கூப்புடுறாக, கையத் தூக்கு" என்று கெஞ்சினாள். அது அசையவில்லை. அப்போது அவளுடைய நிழலே காலை விட்டுக் கழன்று போய், வரிசையில் நின்று கை தூக்கியது. அவர் டிக் அடித்தார். பெண் குழந்தை பிறந்ததாகப் போன் வந்தது. ருமானா அங்கேயே அழுதுவிட்டாள்.

அதன்பிறகு அவளுடைய நிழல், செக்கிங்கில் கருணாகரனுக்குக் கை தூக்க முகாமிலேயே தங்கிவிட்டது. சேகராகிவிட்ட அவனுடைய நிழல், கருணாகரனோடு வேலைக்குப் போகிறது. ருமானாவுக்கு நிழல் இல்லாததைப் பல்கலைக்கழகத்தில் யாரும் கவனிக்கவில்லை, அவர்களுக்கு ஆயிரம் மீட்டிங். அவளுடைய அம்மா சாதிகாதான் ஒரு மத்தியானம் வாசலில் மகளின் காலடியைப் பார்த்தாள்.

"எங்கடி விட்டுட்டு வந்த?"

"முகாம்ல இருக்கும்மா."

"அங்க நல்லாப் பாத்துக்கிறாகளா?"

"பாத்துக்கிறாகம்மா."

அன்றிலிருந்து சாதிகா, மகள் முகாமுக்குக் கிளம்பும் நாட்களில் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள்.